சரிவை அளந்தீர்கள், மனையை அளந்தீர்களா?

(உத்திரமேரூரில் இளைஞர்களின் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலை மாவட்டங்களில் பேரிடர் ஆபத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. என் முனைவர் பட்ட ஆய்வும் அதைச் சுற்றித்தான். ஆனால் உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நியாயம்தான். நமக்குத் தெரிந்தது ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் கலங்கல் போகிறதா, கரை தாங்குமா, காலனிக்குள் தண்ணீர் வருமா என்பதுதான் நம் கவலை. நிலச்சரிவு என்றால் தொலைக்காட்சியில் பார்க்கிற செய்தி.

ஆனால் அவ்வளவு தூரத்துச் செய்தியும் இல்லை அது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் மலையடிவார வீட்டின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பௌர்ணமிக்கு நம் ஊரிலிருந்து பேருந்து ஏறிப் போய்ச் சுற்றி வருகிற அதே மலைதான். உடல்களை மீட்டு முடிப்பதற்குள்ளாகவே விவாதம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. மலைச்சரிவில் இவர்கள் ஏன் வீடு கட்டினார்கள்? பட்டா இருந்ததா? ஆக்கிரமிப்பா? செத்தவரிடம் பட்டா கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

ஒரு பேரிடர் நடந்தவுடன் 'அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்' என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை உண்மையிலேயே கேட்டு, அதற்கு உண்மையான பதிலைத் தேடினால் நல்லதுதான். ஆனால் யாரும் தேடுவதில்லை. என் துறையிலும் தேடுவதில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பாடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்பது மூன்று விஷயங்களின் பெருக்குத்தொகை. ஒன்று, நிகழ்வு: மழை, நிலச்சரிவு, வெள்ளம். இரண்டு, அந்த நிகழ்வின் பாதையில் யார், என்ன இருக்கிறது என்பது. மூன்று, பாதையில் இருப்பவர்கள் எவ்வளவு எளிதில் அடிபடுவார்கள், எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்பார்கள் என்பது. இந்த மூன்றில் ஒன்று பூஜ்ஜியமானால் மொத்தமும் பூஜ்ஜியம்.

இதை நீலகிரியை வைத்தே பார்க்கலாம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், ஊட்டி, கேத்தி வட்டாரத்தில் சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2019 ஆகஸ்ட்டில், அதே மாவட்டத்தில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. நம் உத்திரமேரூருக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! ஆனால் 2009ஐப் போல மரணங்கள் இல்லை. ஏன்? அவலாஞ்சி காடும் அணையும் மின்வாரியக் கட்டடங்களுமாக இருக்கிற இடம். சரிவுக்குக் கீழே வரிசை வரிசையாக வீடுகள் இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் இருந்தன. இரண்டு இடத்திலும் மேகம் ஒரே அளவு கொட்டியது. வித்தியாசம் கீழே, தரையில் இருந்தது.

ஆக, எத்தனை மழை என்பதற்கு இணையாக, சரிவுக்குக் கீழே யார், எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதும் ஆபத்து மதிப்பீட்டின் பாதிப் பாடம். அந்தப் பாதிப் பாடத்தை எப்படி எழுதுகிறார்கள்?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014க்குப் பிறகு நாடு முழுவதும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்தது. பனி மூடிய பகுதிகளை நீக்கிப் பார்த்தால் இந்திய நிலப்பரப்பில் 12 சதவீதத்துக்கு மேல் நிலச்சரிவுக்கு வாய்ப்புள்ளது என்பது அவர்கள் கணக்கு. சரிவின் கோணம், அது எந்தத் திசை பார்த்து நிற்கிறது, பாறையின் வகை, மண்ணின் ஆழம், ஓடைகள், நிலப் பயன்பாடு, முன்பு எங்கெல்லாம் சரிந்தது என்று ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அதிகம், நடுத்தரம், குறைவு என்று நிறம் கொடுப்பார்கள். கடுமையான உழைப்பு அது. மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு மலை ஏறி இறங்கியவர்கள் செய்த வேலை. 'இது அரசாங்க அறிவியல், நமக்கு எதற்கு' என்று தள்ளிவிடும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வரைபடம் நமக்கு வேண்டும்.

ஆனால் அதன் அளவைப் பாருங்கள். 1:50,000. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். எஸ்டேட்டில் பத்து வீடு ஒட்டிக் கட்டிய ஒரு லயம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அது ஒரு மில்லிமீட்டர். பென்சில் முனை வைத்தால் மறைந்துவிடும். அதற்குள் பத்துக் குடும்பம் தூங்குகிறது.

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023இல் நிலச்சரிவு அட்லஸ் ஒன்றை வெளியிட்டது. 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தியது. உத்தராகண்டின் ருத்ரபிரயாக் முதலிடம். வயநாடு பதின்மூன்றாவது. மலைகளை மட்டும் பார்க்காமல், சமூகப் பொருளாதாரக் காரணிகளையும் சேர்த்து இந்த வரிசையைப் போட்டார்கள். மகிழ்ச்சியோடுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மக்கள் தொகை இருந்தது. வீடுகள் இருந்தன. சாலைகள் இருந்தன. கால்நடைகளும் இருந்தன. ஆடு மாட்டை எண்ணியது தவறு என்று நான் சொல்லவில்லை, ஏழையின் சொத்து அது. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அந்த வீடு சொந்தமா, வாடகையா, கம்பெனி கொடுத்ததா, எந்த நேரமும் காலி செய்யச் சொல்லக்கூடியதா என்ற அடுக்கு இல்லை. சாதி என்ற அடுக்கு இல்லை.

சாதியை நிலச்சரிவு வரைபடத்தில் போடுவதா என்று என் துறை நண்பர்கள் சிரிப்பார்கள். பாறை சாதி பார்த்தா உருளுகிறது? இல்லை. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 2024 ஜூலை 30 அதிகாலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோது எல்லா மதத்தவரும், எல்லாச் சமூகத்தவரும் அதில் இருந்தார்கள். பாறை சாதி பார்க்காது. பாறையின் பாதையில் வீட்டைக் கட்டி, அதில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்தவர்கள் பார்த்தார்கள்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க நம் மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும். 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் உத்திரமேரூரும் இருந்தது. பஞ்சமி நிலம் என்றவுடன் நமக்கெல்லாம் அந்த அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையும் நினைவுக்கு வரும். விவசாய நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம், சரி. ஆனால் அந்த அறிக்கையில் விவசாய நிலத்துக்கு இணையாக இன்னொன்று வருகிறது: குடியிருக்கும் மனை. சேரியில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்தக் குடிசைக்கு அடியில் இருந்த மண் சொந்தமில்லை. மிராசுதாருக்குச் சொந்தம், அல்லது சொந்தம் என்று அவர் சொல்வார். அதனால் கூலி கேட்டால், தரிசு நிலத்துக்கு மனு போட்டால், அவர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான்: வீட்டைக் காலி பண்ணு.

மனை இல்லாதவனைக் கட்டிப்போட விலங்கு தேவையில்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள் தோட்ட முதலாளிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைகளுக்கும், நீலகிரிக்கும், ஆனைமலைக்கும், மூணாறுக்கும் கங்காணிகள் கூட்டிப்போன கூலிகளில் பெரும் பகுதி தமிழ்நாட்டின் பண்ணை அடிமைகளும் நிலமற்றவர்களும்தான். பறையர், பள்ளர், அருந்ததியர். சமவெளியில் மிராசுதாரின் மண்ணில் இருந்த சேரி, மலையில் கம்பெனியின் மண்ணில் லயமாக மாறியது. வேலை இருந்தால் வீடு. வேலை போனால் வீடு போகும். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஐந்து தலைமுறை அதே லயத்தில் பிறந்து செத்தாலும் ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லயத்தை எங்கே கட்டினார்கள்? நீங்கள் வால்பாறைக்கோ கூடலூருக்கோ போனால் ஒரு முறை நின்று பாருங்கள். மேலாளரின் பங்களா பெரும்பாலும் மேட்டில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி இருக்கும். காற்றோட்டத்துக்கும் கண்காணிப்புக்கும் வசதி. லயம் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், தேயிலை போட முடியாத துண்டில் இருக்கும். தண்ணீர் எடுக்க வசதி, மேலும் நல்ல நிலம் வீணாகாது. நூறு வருடத்துக்கு முன் ஒரு துரை கணக்குப் போட்டு வைத்த இடம். நிலச்சரிவு பல சமயங்களில் ஓடை வழியாக இறங்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு. இடுக்கி மாவட்டம், ராஜமலை, பெட்டிமுடி. மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவின் பக்கமிருந்து மலை உடைந்து ஓடை வழியே இறங்கியது. கண்ணன் தேவன் கம்பெனியின் லயங்கள் அடியோடு போயின. 70 பேர். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், தலித்துகள். பல குடும்பங்களின் வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தில். மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. நள்ளிரவுக்கு முன் நடந்தது வெளியுலகத்துக்குத் தெரிய விடிய வேண்டியிருந்தது. தப்பியவர்கள் இருட்டில், மழையில் நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் மீட்பு தொடங்கியது.

ஆபத்து மதிப்பீடு என்ற சொல்லை இந்த இரவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரிவின் கோணம் தெரிந்திருக்கலாம். மழை எச்சரிக்கை வந்திருக்கலாம். அந்த லயத்துக்கு ஒரு செல்பேசிக் கோபுரம் வேலை செய்யுமா என்பதை யார் மதிப்பிட்டார்கள்? பாலம் போனால் ஆம்புலன்ஸ் எந்த வழி வரும் என்பதை?

அடுத்த நாள், ஆகஸ்ட் 7, கரிப்பூரில் விமான விபத்து. 21 பேர் இறந்தார்கள். அதுவும் துயரம்தான், ஒப்பிட்டு ஒன்றைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒப்பிட்டது அரசாங்கம். விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். கேரளத்திலேயே அன்று பலர் இதைக் கேட்டார்கள். 2015இல் மூணாறில் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைமைகளையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்கள் பெட்டிமுடிக்குப் பிறகு கேட்டது நிவாரணத் தொகையை மட்டும் அல்ல. சொந்தமாக மண்ணும் வீடும் கேட்டார்கள். ஆபத்து மதிப்பீட்டில் எந்த நிபுணரைவிடவும் அவர்கள் சரியாக இருந்தார்கள் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்கள் புதைந்தார்கள். இதில் முக்கியமான விஷயம், அங்கே மதிப்பீடு நடந்திருந்தது! தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005இலேயே சொல்லியிருந்தது. 2011இலும் சொன்னது. அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது. வெளியேறி எங்கே போவது? ஒரு துண்டு நிலம்கூடத் தன் பேரில் இல்லாத தொழிலாளிக்கு 'இங்கிருந்து போ' என்ற எச்சரிக்கைக்கும் 'காலி பண்ணு' என்ற மிராசுதாரின் உத்தரவுக்கும் என்ன வித்தியாசம்? போனவுடன் வேலை போகும், பிள்ளையின் பள்ளி போகும், ரேஷன் போகும். அதனால் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் மறுபடியும் மண் சரிந்தது. மறுபடியும் லயத்து மக்களுக்கு நிலம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. இருநூறு ஆண்டுகளாக அந்த மலையில் இருக்கிறார்கள்.

எங்கே சரியும் என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, அங்கே இருப்பவர் நகர முடியுமா, நகர மறுக்க முடியுமா, நகர்ந்தால் திரும்பி வர முடியுமா என்பதை எந்த வரைபடமும் கேட்பதில்லை. நீலகிரி மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயகரமானவை என்று அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பருவமழைக்கும் முன்னால் அந்த எண் செய்தியில் வரும். முகாம்கள் தயார், மணல் மூட்டைகள் தயார், பொக்லைன்கள் தயார். நல்லது. ஒரு சின்னச் சந்தேகம்: இந்தப் பட்டியலைத் தயாரித்துவிட்டு அடுத்த வருடமும் அதே பட்டியலைப் படிப்பதற்குப் பெயர் என்ன?

2024 ஜூலை 19ஆம் தேதி கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. முதலில் தொடங்கிய மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. பதினோரு நாள் கழித்து வயநாட்டில் மலை இறங்கியது. முன்னறிவிப்பு இன்னும் கூர்மையாகும், அதற்கு நான் ஆதரவு. ஆனால் முன்னறிவிப்பு என்பது ஒரு செய்தி. செய்தியை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடிகிறவருக்குத்தான் அது பயன்படும்.

எந்த வரைபடத்திலும் வராத ஒரு சரிவைச் சொல்ல வேண்டும். நீலகிரி மலையின் அடிவாரம், மேட்டுப்பாளையம், நடூர். 2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை. அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுமார் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் ஊறி விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று அவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதாவது அவர்கள் ஆபத்து மதிப்பீடு செய்து, அதை உரிய இடத்தில் கொடுத்தும் இருந்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அரசுக் கணக்கில் அது கனமழை உயிரிழப்பு. நாம் அதைத் தீண்டாமைச் சுவர் என்றோம். கேட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். சரிவின் கோணமும் மண்ணின் ஆழமும் மட்டும் போடுகிற மதிப்பீட்டில் நடூர் வெறும் சமதளம், பச்சை நிறம்.

உலகத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1976 பிப்ரவரியில் குவாத்தமாலாவில் நிலநடுக்கம் வந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மண் வீடுகளிலும் பள்ளத்தாக்குச் சரிவுகளிலும் இருந்த ஏழைகளும் பழங்குடிகளுமே பெரும்பாலும் இறந்ததைப் பார்த்து, அதை நிலநடுக்கம் என்று சொல்லாமல் வர்க்க நடுக்கம் என்று பெயர் வைத்தார்கள். பேரிடர்களில் 'இயற்கை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று அதே ஆண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐம்பது வருடம் ஆகிறது. நம் பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் மென்பொருளைத் திறந்து சரிவின் கோணம் கணக்கிட ஆரம்பித்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பது பலராலும் பதிவானது. ஆனால் கவனியுங்கள், சட்டத்துக்குச் சாதி கண்ணில் படுவது பிணம் விழுந்த பிறகு, அரிசி மூட்டை பிரிக்கும் நேரத்தில். அதற்கு முன்னால் திட்டம் போடும்போது, எந்த இடம் அபாயமானது என்று பட்டியலிடும்போது, சாதி இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

சூழலியல் நண்பர்களோடும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நிலச்சரிவுக்குப் பிறகும் 2011இல் வந்த மாதவ் காட்கில் குழு அறிக்கையை எடுத்து வருகிறோம். நியாயமான அறிக்கை. அதில் எனக்கு மிகப் பிடித்தது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற விவாதம் கிராம சபைக்குப் போக வேண்டும் என்று அது சொன்னதுதான். ஆனால் நம் பேச்சில் அந்தப் பகுதி விழுந்துபோய், 'மலையிலிருந்து மனிதர்களை வெளியேற்று' என்பது மட்டும் மிஞ்சுகிறது. எந்த மனிதர்களை? நீலகிரியில் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இலிருந்து இருக்கிறது. மலையைக் குடைந்து காட்டேஜும் ரிசார்ட்டும் எழும்புவது நிற்கவில்லை. வெளியேற்றம் என்று வந்தால் முதலில் நகர்வது லயம்தான். மாஞ்சோலையைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனதற்காக 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்த மக்கள். இப்போது கம்பெனி கிளம்புகிறது, காடு காடாக வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள் கீழே எந்த மண்ணில் இறங்குவது என்ற கேள்விக்கு மட்டும் காட்டின் பெயரால் பதில் கிடையாது.

வேறு மாதிரி செய்ய முடியுமா? ஹாங்காங்கில் 1972லும் 1976லும் பெரிய நிலச்சரிவுகள் நடந்தன. அதற்குப் பிறகு 1977இல் சரிவுகளுக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். மனிதர் வெட்டிய, கட்டிய சரிவுகள் ஏறத்தாழ 60,000. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்தச் சரிவைப் பராமரிக்க வேண்டியவர் யார், அரசின் எந்தத் துறை, எந்தத் தனியார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. சரிந்தால் யார் பொறுப்பு என்பது சரிவதற்கு முன்பே தெரியும். அது பணக்கார ஊர், நாம் ஏழை நாடு என்பார்கள். எண் போடுவதற்குப் பெரிய பணம் வேண்டாம். பொறுப்பாளி பெயரை எழுதுவதற்குத்தான் நம் நாட்டில் மனம் வராது. ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் எண், மேலே இருக்கும் சரிவுக்குப் பொறுப்பான கம்பெனியின் பெயர், அந்த வீட்டில் இருப்பவர் பெயரில் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கிய மாற்று மனையின் சர்வே எண். இந்த மூன்றும் இல்லாத ஆபத்து மதிப்பீட்டை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

மாற்று மனை என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பேரிடரைக் காரணம் காட்டி மக்களை நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் அடைப்பதை நான் சொல்லவில்லை. சென்னை அதைச் செய்து காட்டிவிட்டது. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், பட்டாவோடு, முடிந்தால் பெண்ணின் பெயரில்.

சரி, உத்திரமேரூர். நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை. டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில்கூட நம் ஊர் பெயர் வந்தது. அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஏரியைப் பராமரிக்கும் குழு. இன்றைய மொழியில் சொன்னால் பேரிடர் மேலாண்மைக் குழு. அதில் யார் உறுப்பினராகலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். சொந்த மனை! ஏரி உடைந்தால் முதலில் மூழ்குகிறவருக்கு ஏரியைப் பற்றிப் பேச இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய ஆவணத்தை இன்றைய அளவுகோலால் திட்டுவது என் வேலை இல்லை. ஆனால் ஜனநாயகத்தின் தாய் என்று அதைக் கொண்டாடுகிறவர்களிடம், வெளியே நின்றவர்களைக் காட்ட வேண்டியது நம் வேலை.

இன்று நமக்குக் கிராம சபை இருக்கிறது. சொந்த மனை கேட்காது, வேதம் கேட்காது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்கிறது, அது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அதில் நம் வட்டத்தின் பகுதியில் எந்தெந்தக் குடியிருப்புகளுக்கு வெள்ள அபாயம் என்று எழுதியிருக்கிறார்கள், உங்கள் காலனி பெயர் அதில் உண்டா, நிவாரண முகாம் என்று குறித்திருப்பது ஊர்த்தெருவின் பள்ளியா, மண்டபமா, இரவு பதினொரு மணிக்குக் காலனியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் அங்கே போகும் வழியில் தரைப்பாலம் இருக்கிறதா, அது மூழ்குமா, அந்த மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் அதைக் காலனிக்காரர்களுக்குத் திறந்து விட்ட வரலாறு உண்டா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு ஒவ்வொரு வீட்டின் மனை யார் பேரில் இருக்கிறது என்றும். பட்டா, நத்தம், ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம், வாய்ச்சொல்.

இந்த மனைக் கேள்விக்கு நம் மண்ணில் விலை கொடுத்தவர்கள் உண்டு. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்டபோது துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த நாளை நாம் நிலப் போராட்டத்தின் நாளாக மட்டும் நினைவுகூர்கிறோம். பேரிடர் ஆபத்தைக் குறைக்கும் போராட்டமாகவும் அதைப் படிக்கலாம் என்பது என் வாதம்.

அந்தத் தாளை நான்கு ஊரிலாவது அடுத்த கிராம சபைக்கு முன் முடிக்க முடியுமா என்று பார்ப்போம். ஒரு மாதிரிப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசைத் தோழர்கள் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் கொடுங்கள். மனை பற்றிய பத்தியில் கட்டம் சிறிதாகிவிட்டது, இடம் போதாவிட்டால் தாளின் பின்பக்கம் எழுதலாம். இப்போது கேள்விகளுக்குப் போகலாம்.